கிணற்றடியில் கருவி, கையில் அலைபேசி: வாசகர் கேள்வி – பதில்

சேலம் சமவெளியிலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மொபைல் ஸ்டார்ட்டர், ஈரப்பத சென்சார், தானியங்கி வால்வு பற்றியவை. பலருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடிய எட்டுக் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நான்கு ஏக்கர் பாக்குத் தோப்பு. 900 அடி போர், 7.5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார். அலைபேசியில் இயக்கும் ஸ்டார்ட்டர் மாட்டி ஆறு மாதம் ஆகிறது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானே நிறுத்திவிடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அப்படியும் இரண்டு முறை காயில் கருகிவிட்டது. இரண்டுமே இரவு முறை கரண்ட் வந்த நாட்களில். கருவி பழுதா?
– வாசகர், வாழப்பாடி

பதில்: கருவியைச் சந்தேகப்படும் முன், அதற்குள் போட்டு வைத்திருக்கும் ஆம்ப் அளவைப் பாருங்கள். 'டிரை ரன்' பாதுகாப்பு என்பது தண்ணீரைப் பார்த்து நிறுத்துவதில்லை. மோட்டார் இழுக்கும் ஆம்ப்ஸைத்தான் பார்க்கிறது. தண்ணீர் ஏற்றும்போது மோட்டாருக்குச் சுமை அதிகம், ஆம்ப் அதிகம். தண்ணீர் இறங்கிக் காற்று இழுக்க ஆரம்பித்தால் சுமை குறையும், ஆம்ப் குறையும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஆம்ப் போனால் நிறுத்து என்று கருவிக்கு ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண் உங்கள் போரில் அளந்து போட்டதா, கடையில் இருந்து வந்தபடியே இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இரவில் மட்டும் கருகுவதற்குக் காரணம் உண்டு. பகலில் பக்கத்துத் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஓடும்போது இரண்டு ஃபேஸுக்கு இடையே 380 வோல்ட்தான் இருக்கும். நள்ளிரவில் பாதிப் பேர் நிறுத்திய பிறகு அதே இணைப்பில் 440-ஐத் தாண்டும். வோல்ட் ஏறினால், சுமையே இல்லாத மோட்டாரும் கூடுதலாக ஆம்ப் இழுக்கும். பகலில் தண்ணீர் இல்லாதபோது 8 ஆம்ப் காட்டிய மோட்டார், இரவில் தண்ணீர் இல்லாமலே 9.5 காட்டலாம். கருவியில் 9 என்று போட்டிருந்தால் பகலில் நிற்கும், இரவில் நிற்காது. அது பாட்டுக்கு வெறும் காற்றில் ஓடிக்கொண்டிருக்கும். நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் குளிர்ச்சி. அது நின்றால் காயில் எவ்வளவு நேரம் தாங்கும்?

சரியாக அமைக்க ஒரு பகலும் ஓர் இரவும் ஒதுக்குங்கள். எலக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்ப் காட்டும் கருவி) இருக்கும். போரில் தண்ணீர் நிறைந்திருக்கும் காலையில் மோட்டாரைப் போட்டு, பத்து நிமிடம் கழித்து மூன்று வயரிலும் தனித்தனியாக ஆம்ப் பாருங்கள், கூடவே மூன்று ஜோடிக்கும் வோல்ட் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சுக்கு 12.0, 12.4, 11.6 என்று வந்தால் சராசரி 12. அதிகபட்ச விலகல் 0.4, அதாவது சுமார் 3 சதவீதம். இது 5 சதவீதத்தைத் தாண்டினால் மேற்கொண்டு எதையும் செட் செய்யாதீர்கள். கேபிள் ஜாயின்ட், ஸ்டார்ட்டர் கான்டாக்ட், டிரான்ஸ்பார்மர் ஃபியூஸ் என்று காரணத்தை முதலில் தேடுங்கள்.

அடுத்து, மோட்டாரை ஓட விட்டு டெலிவரி குழாய் அருகிலேயே நில்லுங்கள். தண்ணீர் விட்டு விட்டுத் துப்ப ஆரம்பிக்கும் நேரத்தில் ஆம்ப் எவ்வளவு என்று பார்த்து உடனே நிறுத்துங்கள். இதையே இரவு வோல்ட் ஏறியிருக்கும் நேரத்திலும் செய்யுங்கள். இப்போது கையில் நான்கு எண்கள் இருக்கும். பகலில் தண்ணீரோடு 12, தண்ணீர் விட்டுப்போகும்போது 8. இரவில் தண்ணீரோடு 11.8, விட்டுப்போகும்போது 9.5 என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தும் எண் 9.5-க்கு மேலும் 11.8-க்குக் கீழும் இருக்க வேண்டும். 10.5 போடலாம். 'ஓடும் ஆம்ப்ஸில் 75 சதவீதம்' என்று பொதுவாகச் சொல்லும் கணக்கில் 9 வந்திருக்கும். உங்கள் மோட்டாரைக் கருக்கியது அநேகமாக அந்த 9 ஆகத்தான் இருக்கும். குறைந்த ஆம்ப் எத்தனை விநாடி நீடித்தால் நிறுத்த வேண்டும் என்ற இடத்தில் 5 முதல் 10 விநாடி போதும். அதிகச் சுமைக்கான எண் 14 வைக்கலாம்.

கடைசியாக ஒன்று. தண்ணீர் இல்லாமல் நின்ற மோட்டாரை எத்தனை நிமிடம் கழித்துத் தானாகப் போடுவது என்ற அமைப்பு. பலர் 15 நிமிடம் என்று விட்டுவிடுகிறார்கள். 900 அடி போரில் ஊற்று அவ்வளவு வேகமாக வராது. மோட்டார் போடும், ஒரு நிமிடம் ஓடும், நிற்கும், மறுபடி போடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வழக்கமான ஆம்ப்ஸைப் போல ஐந்தாறு மடங்கு காயிலில் பாய்கிறது. தண்ணீர் விட்டதும் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் எத்தனை நிமிடம் ஓடுகிறது, இரண்டு மணி நேரம் கழித்தால் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். குறைந்தது அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓடக்கூடிய இடைவெளியைப் போடுங்கள். கோடையில் இந்த நான்கு எண்களையும் மறுபடி அளக்க வேண்டும். சித்திரையில் இருக்கும் போர் கார்த்திகையில் இருந்த போர் இல்லை.

கேள்வி: ஸ்டார்ட்டரில் புது சிம் போட்டேன். வேலையே செய்யவில்லை. பழைய சிம்மில் சில நாள் போகிறது, சில நாள் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்கிறது.
– வாசகர், மேச்சேரி

பதில்: விலை குறைந்த ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலும் 2ஜி மோடம்தான் உள்ளே இருக்கும். ஜியோ நெட்வொர்க்கில் 2ஜி கிடையாது, அதனால் அந்த சிம் அதில் எடுக்காது. 2ஜி சேவை உள்ள நிறுவனத்தின் சிம் போடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் 4ஜி மோடம் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். சிம்மின் பின் நம்பர் பூட்டை ஒரு சாதாரண போனில் போட்டு எடுத்துவிட வேண்டும். ரீசார்ஜ் முடிந்தால் முதலில் வெளியே போகும் எஸ்.எம்.எஸ். நிற்கும், மோட்டார் ஓடும் ஆனால் உங்களுக்குத் தகவல் வராது. இந்த நிலை முழுதாக நின்றுபோவதைவிட ஆபத்தானது. ரீசார்ஜ் தேதியைப் பெட்டியின் கதவிலேயே பெயின்ட்டில் எழுதி வையுங்கள்.

சில நாள் மட்டும் எடுப்பது என்றால் ஆன்டெனாவைப் பாருங்கள். இரும்புப் பெட்டிக்குள் ஆன்டெனாவை வைத்து மூடினால் சிக்னல் எப்படி வரும்? மூன்று மீட்டர் வயர் உள்ள காந்த ஆன்டெனா வாங்கி மோட்டார் கொட்டகையின் கூரைக்கு மேலே ஏற்றுங்கள். பெரும்பாலான புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: மரவள்ளிக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறேன். ஆன்லைனில் 150 ரூபாய்க்கு ஃபோர்க் மாதிரி இருக்கும் ஈரப்பத சென்சார் இரண்டு வாங்கிப் போர்டோடு இணைத்தேன். ஒரு மாதம் ஓடியது. இப்போது ஒன்று எப்போதும் ஈரம் என்கிறது, இன்னொன்று எப்போதும் காய்ச்சல் என்கிறது. விலை உயர்ந்தது வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், தலைவாசல்

பதில்: அந்த ஃபோர்க் வகை, மண்ணில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளக்கிறது. தொடர்ந்து ஒரே திசையில் கரண்ட் போவதால் ஒரு கால் கரைந்து போகும். பிடுங்கிப் பாருங்கள், செம்புப் பூச்சு போய்ப் பச்சை பிடித்திருக்கும். அதோடு, சொட்டுநீரில் உரம் கலந்து விட்டால் மண்ணில் உப்பு ஏறி, ஈரம் இல்லாமலே ஈரம் என்று காட்டும். பூந்தொட்டியில் வைத்துப் பழகிப் பார்க்கத்தான் அது லாயக்கு. வயலுக்கு வேண்டாம்.

அடுத்த படி, உலோகம் மண்ணில் படாத கெபாசிட்டிவ் வகை. விலை குறைவானதிலும் பயன்படுத்தக்கூடியவை உண்டு, ஆனால் அந்தப் பலகையின் வெட்டு ஓரங்கள் வழியாகத் தண்ணீர் ஊறி ஒரே மழைக்காலத்தில் கெட்டுவிடும். மண்ணில் போகும் பகுதியின் ஓரங்களுக்கு எப்பாக்ஸி இரண்டு கோட் தடவி, மேலே எலக்ட்ரானிக் பாகங்கள் இருக்கும் இடத்தில் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். இன்னும் நம்பகமாக வேண்டுமென்றால், ஜிப்சம் சேர்ந்த உருளை வடிவ சென்சார். அது செடியின் வேர் எவ்வளவு இழுத்து உறிஞ்ச வேண்டியிருக்கிறது என்பதை சென்டிபாரில் காட்டும். எண் கூடக் கூட மண் காய்கிறது என்று பொருள். அதைப் புதைக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து, ஈரத்தோடு இறக்க வேண்டும்.

விலை எதுவானாலும் புதைப்பதில் தவறினால் பலன் இல்லை. மண்ணுக்கும் சென்சாருக்கும் இடையே ஒரு நூல் அளவு காற்று இடைவெளி இருந்தாலும் அது காய்ச்சல் என்றுதான் சொல்லும். தோண்டிய அதே மண்ணைச் சலித்து, தண்ணீர் விட்டுத் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, குழிக்குள் ஊற்றி, அதில் சென்சாரை அழுத்துங்கள். டிரிப்பரிலிருந்து 15 செ.மீ. தள்ளி ஒன்று 20 செ.மீ. ஆழத்தில், இன்னொன்று 40 செ.மீ. ஆழத்தில். வரப்போரம், வழித்தடம், குழாய் கசியும் இடம் வேண்டாம்.

புதைத்த பிறகு முதல் வாரம் எண்ணை நம்பி எதுவும் செய்யாதீர்கள். நன்றாகத் தண்ணீர் விட்டு, உங்கள் பக்கத்துச் செம்மண்ணாக இருந்தால் ஒரு நாள், களி கலந்ததாக இருந்தால் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். வடிய வேண்டியது வடிந்து மண் பிடித்து வைத்திருப்பது மட்டும் மிஞ்சும். அப்போது காட்டும் எண்தான் உங்கள் மண்ணுக்கு 'நிறைவு'. கெபாசிட்டிவ் வகையில் அது 38 ஆகவும் இருக்கலாம், 61 ஆகவும் இருக்கலாம். அந்த எண் ஒவ்வொரு சென்சாருக்கும் வேறாக இருக்கும், கவலை வேண்டாம்.

பிறகு தண்ணீர் விடாமல் வரைபடத்தைக் கவனியுங்கள். பகலில் கோடு இறங்கும், இரவில் சமமாக நிற்கும், மறுநாள் மறுபடி இறங்கும் (சென்டிபார் காட்டும் வகையில் எல்லாம் தலைகீழ், கோடு ஏறும்). மாடிப்படி மாதிரி தெரியும். வேர் குடிப்பதுதான் அந்தப் படி. நல்ல வெயில் அடித்தும் படியின் உயரம் முந்தின நாளைவிடக் குறைந்துகொண்டே வந்தால், செடி குடிக்கச் சிரமப்படுகிறது. அந்தப் படிகள் குறையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே தண்ணீர் விடும் எண்ணை வையுங்கள். எந்தக் கையேட்டில் உள்ள எண்ணையும்விட இது உங்கள் வயலுக்குப் பொருந்தும்.

40 செ.மீ. சென்சாருக்கு வேறு வேலை. ஒவ்வொரு முறை தண்ணீர் விட்டதும் அதுவும் எகிறினால், தண்ணீர் கிழங்குக்குக் கீழே இறங்கி வீணாகிறது, போட்ட யூரியாவும் கூடவே போகிறது. ஓடும் நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாகக் குறைத்து, அது அசையாமல் இருக்கும் அளவுக்குக் கொண்டு வாருங்கள். அறுவடைக்கு முந்தைய வாரங்களில் தானியங்கி அமைப்பை அணைத்துவிடுவது நல்லது. ஈரம் அதிகமானால் மாவுச்சத்து குறைந்து ஆலையில் பாயிண்ட் அடிபடும், விலையும் அடிபடும்.

கணக்குக்கு ஒன்று நினைவில் வையுங்கள். ஓர் ஏக்கரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் சுமார் 4,047 லிட்டர். மூன்றடிக்கு மூன்றடி நட்ட மரவள்ளி ஏக்கருக்கு ஏறக்குறைய 5,000 செடி. செடிக்கு ஒரு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் மணிக்கு 20,000 லிட்டர், அதாவது ஒரு மணி நேரத்தில் சுமார் 5 மி.மீ. உங்கள் போர் அவ்வளவு தருகிறதா என்று 200 லிட்டர் டிரம் வைத்துப் பாருங்கள். 72 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 10,000 லிட்டர். ஒரே நேரத்தில் அரை ஏக்கருக்கு மேல் திறக்க முடியாது.

இணையம், போர்டு எதுவும் வேண்டாம் என்பவர்களுக்குக் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரப்பதக் காட்டி இருக்கிறது. கம்பியை மண்ணில் குத்தினால் விளக்கு எரியும்: நீலம் என்றால் ஈரம் தாராளம், பச்சை போதும், ஆரஞ்சு தண்ணீர் விடலாம், சிவப்பு உடனே விட வேண்டும். இரண்டு ஏக்கருக்குக் கீழே உள்ளவர்கள் முதலில் இதைத்தான் வாங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: இலை நோயைப் போட்டோ எடுத்தால் மருந்து சொல்லும் செயலிகளை நம்பலாமா?
– வாசகி, ஆத்தூர்

பதில்: பெயரைச் சொல்லக் கேளுங்கள், மருந்தைச் சொல்லக் கேட்காதீர்கள். இலைப்புள்ளி, துரு போன்ற தெளிவான அடையாளம் உள்ளவற்றில் நன்றாகவே சொல்கின்றன. துத்தநாகக் குறை, இரும்புக் குறை, வைரஸ் எல்லாம் மஞ்சளாகவே தெரியும்போது குழம்புகின்றன. மரவள்ளித் தேமல் நோய்க்கு மருந்தே கிடையாது, நோயில்லாத கரணை நடுவதும் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதும்தான் வழி. அதற்கும் ஒரு பூஞ்சைக்கொல்லியைச் சொல்லும் செயலியைப் போனிலிருந்து நீக்கிவிடுங்கள். ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். இலையோடு ஒருமுறை நேரில் போய் வாருங்கள்.

கேள்வி: நாகலூர் பக்கம் 12 ஏக்கர் அராபிகா காபி, ஊடே மிளகு. நிழலுக்கு சில்வர் ஓக். தோட்டத்தில் போன் சிக்னல் பல இடங்களில் இல்லை. நான்கு இடத்தில் சோலார் வைத்த வயர்லெஸ் சென்சார் போட்டோம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்தில் எல்லாம் செத்துப்போயின. மழைமானியும் பக்கத்து எஸ்டேட் அளவைவிடக் குறைவாகவே காட்டுகிறது. என்ன செய்வது?
– வாசகி, ஏற்காடு

பதில்: சமவெளிக்காகச் செய்த கருவியை அப்படியே மலையேற்றினால் இப்படித்தான் ஆகும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மின்சாரம்தான் முதல் பிரச்சினை. சில்வர் ஓக் நிழலில், அதிலும் ஆடி ஆவணி மூடுபனியில், உள்ளங்கை அளவு சோலார் பலகை பேட்டரியை நிரப்பாது. பலகையே வேண்டாம் என்று முடிவு செய்யலாம். தூங்கும் நேரத்தில் மிகக் குறைவாக மின்சாரம் எடுத்து, அரை மணிக்கு ஒருமுறை மட்டும் விழித்து அனுப்பும் கருவி, சராசரியாக 0.2 மில்லி ஆம்ப் எடுக்கும். வருடத்துக்கு 8,760 மணி நேரம். கணக்குப் போட்டால் 1,752 மில்லி ஆம்ப் மணி. டார்ச் பேட்டரி அளவில் கிடைக்கும் 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி 19,000 மில்லி ஆம்ப் மணி வரை கொள்ளும். தானாகக் கசிவது, குளிர் எல்லாம் போக நான்கைந்து வருடம் தாராளமாக வரும். இது சார்ஜ் ஆகும் வகை இல்லை. ஆகவே சோலார் பலகையோடு ஒருபோதும் இணைக்கக் கூடாது, வெடிக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லி வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். காபித் தோட்டத்து மண் ஐந்து நிமிடத்தில் மாறுவதில்லை.

அடுத்து அலைவரிசை. உங்கள் கருவி லோரா வகையாக, அதாவது குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் அனுப்பும் ரேடியோவாக இருக்கும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. இணையத்தில் 433-க்கும் 915-க்கும் உரிய ஆன்டெனாக்களைக் கலந்து விற்கிறார்கள். திருகி மாட்டினால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் தூரம் பாதியாகிவிடும். ஆன்டெனா மாட்டாமல் கருவிக்கு மின்சாரம் கொடுப்பதும் கூடாது, அனுப்பும் சில்லு கெட்டுப்போகும். சேகரிக்கும் பெட்டியைப் பங்களாவில் வைக்கும் வழக்கம் இருக்கிறது. பங்களா பள்ளத்தில் இருந்தால் என்ன பயன்? தோட்டத்தின் எல்லா மூலையையும் நேர்ப்பார்வையில் பார்க்கும் மேட்டைத் தேடி, நிழல் மர உச்சிக்கு மேலே ஆன்டெனா வரும்படி கம்பம் நடுங்கள். சோதனையை வெயில் நாளில் செய்து திருப்திப்படாதீர்கள். நனைந்த இலை சிக்னலை விழுங்கும். மழை பெய்து முடிந்த உடனே தோட்டத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு இடத்திலும் அளவு பார்த்தால்தான் உண்மை தெரியும். சிக்னல் போதவில்லை என்று மெதுவாக அனுப்பும் அமைப்புக்கு மாற்றினால், ஒவ்வொரு படிக்கும் அனுப்பும் நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும், பேட்டரியும் அதற்கேற்பத் தீரும். அதைவிட ஆன்டெனாவை இரண்டு மீட்டர் உயர்த்துவது லாபம்.

உயரமான கம்பம் இடியை அழைக்கும். ஆன்டெனா வயரில் மின்னல் தடுப்பானும் தனி எர்த் குழியும் போட்டே ஆக வேண்டும். தாமினி செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், சுற்று வட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். எச்சரிக்கை வந்தால் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிடலாம்.

மழைமானி குறைவாகக் காட்ட மூன்று காரணம் இருக்கலாம்: மரத்தடியில் வைத்தது, புனலில் ஓக் இலை அடைத்தது, கிடைமட்டம் தவறியது. காபி காயப்போடும் களத்தின் ஓரம் நல்ல இடம். மிக அருகில் உள்ள மரத்தின் உயரம்போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி, ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்து நிறுத்துங்கள். பிறகு சோதியுங்கள். புனலின் வாய் 20 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 314 சதுர செ.மீ. அதில் 314 மில்லி தண்ணீர் ஊற்றினால் அது 10 மி.மீ. மழைக்குச் சமம். அடியில் ஊசியால் சிறு துளை போட்ட பாட்டிலில் 314 மில்லி ஊற்றிப் புனலுக்கு மேலே தொங்க விடுங்கள்; அரை மணி நேரமாவது சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். உள்ளே உள்ள சின்னத் தட்டு நிரம்பிச் சாயும் ஒவ்வொரு சாய்வுக்கும் 0.2 மி.மீ. என்று எண்ணும் கருவியில் 50 சாய்வு பதிவாக வேண்டும். 48 முதல் 52 வரை என்றால் விடலாம். 40 என்றால் உள்ளே இருக்கும் சின்னத் தட்டில் அழுக்குப் படிந்திருக்கிறது, அல்லது அடித் திருகைத் திருத்த வேண்டும். உங்கள் புனலின் விட்டம் 11 செ.மீ. என்றால் 10 மி.மீ.க்கு 95 மில்லி.

இவ்வளவு மெனக்கெட மாசி பங்குனியில் வரும் பூ மழைதான் காரணம். ஓர் அங்குலம், அதாவது 25 மி.மீ. அளவுக்கு ஒரே மூச்சில் பெய்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகும். 8 மி.மீ. பெய்து நின்றால் மொட்டு அரைகுறையாக விழித்து, பூ சீராக வராமல், காய் பிடிப்பு போகும். 8 பெய்ததா 25 பெய்ததா என்பதை அன்றைக்கே தெரிந்தால்தான், ஸ்பிரிங்க்ளர் போட்டு மீதியைக் கொடுக்க முடியும். மூன்று வாரம் கழித்து வர வேண்டிய பின் மழைக்கும் இதே கணக்கு. தோட்டத்துக்கு ஒரே ஒரு கருவி வாங்கப் பணம் இருந்தால் நல்ல மழைமானியை வாங்குங்கள் என்றுதான் சொல்வோம்.

இலை ஈரத்தை அளக்கும் சென்சாரும் காபிக்கு உதவும். இலையில் தண்ணீர் பல மணி நேரம் நின்று, வெப்பமும் 21 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் இலைத்துருப் பூஞ்சை முளைக்கும். இந்த சென்சார் செடியின் நடு உயரத்தில், இலைகளுக்குள்ளே சாய்வாக இருக்க வேண்டும். வெட்டவெளியில் கம்பத்தில் கட்டினால் பனியை மட்டும் காட்டும். பருவமழைக்கு முன் அடிக்க வேண்டிய 0.5 சதவீத போர்டோ கலவைக்கு சென்சாரை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம், அதை வழக்கம்போல அடித்துவிடுங்கள். நடுவில் மழை விட்டுவிட்டுப் பெய்யும் காலத்தில் எந்தப் பகுதிக்கு முதலில் போவது என்று முடிவு செய்யத்தான் இந்தக் கருவி.

கேள்வி: மஞ்சளுக்குத் தானியங்கி வால்வு மூன்று போட்டேன். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு மாறும்போது 'டம்' என்று சத்தம் வந்து பி.வி.சி. ஜாயின்ட் பிரிந்துவிட்டது. மூன்றாவது வால்வு சில நேரம் மூடுவதே இல்லை.
– வாசகர், பெத்தநாயக்கன்பாளையம்

பதில்: முதல் வால்வு மூடிய பிறகு இரண்டாவது திறக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இடைப்பட்ட சில விநாடிகளில் மோட்டார் தள்ளும் தண்ணீருக்குப் போக வழியில்லை. அடுத்த வால்வு முழுதாகத் திறந்து 20 விநாடி ஆன பிறகு முந்தையது மூட வேண்டும். தொடங்கும்போது வால்வு முதலில், மோட்டார் பிறகு. முடிக்கும்போது மோட்டார் முதலில், வால்வு பிறகு. மெயின் லைனில் ஒரு அழுத்த விடுவிப்பு வால்வும் மேட்டில் ஒரு காற்று வால்வும் கட்டாயம்.

மூடாத வால்வைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் சவ்வின் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அந்த வழியாகத் தண்ணீர் மேலறைக்குப் போய் அழுத்தினால்தான் வால்வு மூடும். நம் மாவட்டத்து ஆழ்துளைத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம்; துளையில் வெள்ளையாகப் படிந்து அடைத்திருக்கும், அல்லது சவ்வின் அடியில் ஒரு மணல் துகள் உட்கார்ந்திருக்கும். காடியில் (வினிகர்) ஒரு மணி நேரம் ஊற வைத்துக் கழுவினால் விட்டுவிடும். கம்பியால் குத்தித் துளையைப் பெரிதாக்காதீர்கள். 120 மெஷ் ஃபில்டர் இல்லையென்றால் இது மாதாமாதம் வரும்.

திறக்காமல் போவது வேறு கதை. 24 வோல்ட் வால்வுக்கு 150 மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மி.மீ. மெல்லிய வயர் இழுத்தால், திறக்கும் நொடியில் நாலே முக்கால் வோல்ட் வரை வழியிலேயே போய்விடும். 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் ஒன்றரை வோல்ட்தான் போகும். வயரைக் குழாய்க்குள் விடுங்கள், எலி கடிக்கும்.

கேள்வி: மரவள்ளியில் மாவுப்பூச்சி. ட்ரோனில் மருந்து அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். அடிக்கலாமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: இந்தப் பூச்சிக்கு வேண்டாம் என்பதே எங்கள் பதில். அது குருத்து இலைகளைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருக்கும். ட்ரோன் ஏக்கருக்கு 10 லிட்டர் அளவில் பனி போலத் தூவுகிறது. மேல் இலை நனையும், சுருட்டுக்குள் போகாது. இந்த மாவுப்பூச்சி 2020-ல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, அதைத் தின்னும் 'அனகைரஸ் லோபெசி' என்ற சிறு குளவியை வரவழைத்து, 2022-ல் நம் ஏத்தாப்பூரில்தான் முதலில் வயலில் விட்டார்கள். பரவலாக மருந்து தூவினால் பூச்சி தப்பிக்கும், குளவி சாகும். சுருண்ட குருத்துகளைக் கிள்ளி எரித்துவிட்டு, குளவி இருக்கிறதா என்று நிலையத்தில் காட்டிக் கேளுங்கள்.

வேறு பயிருக்கு ட்ரோன் அழைப்பதானாலும், ஓமலூர் என்பதால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காமலாபுரம் விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் சர்வே எண் இருக்கும் இடம் பச்சை மண்டலமா, மஞ்சளா, சிவப்பா என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்து, அனுமதி தேவைப்பட்டால் அதையும் ஓட்டுநரின் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். பயிருக்கு மேல் இரண்டு, இரண்டரை மீட்டரில் பறக்க வேண்டும். 10 லிட்டரில் கலந்த மருந்து கைத்தெளிப்பானில் கலப்பதைவிடப் பல மடங்கு கெட்டி. பக்கத்தில் மல்பெரித் தோட்டமோ தேனீப் பெட்டியோ இருந்தால் காற்று அந்தப் பக்கம் திரும்பும் நாளில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஒரு நிறுவனம் சென்சார், வால்வு, ஸ்டார்ட்டர் எல்லாம் சேர்த்துப் பேசுகிறது. மூன்று வருடம் இலவசம், பிறகு ஆண்டுக் கட்டணம். கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?
– வாசகர், எடப்பாடி

பதில்: கட்டணம் கட்டாத ஆண்டில் மோட்டார் ஓடுமா, அல்லது பெட்டி வெறும் பெட்டியாகுமா என்று எழுத்தில் கேளுங்கள். இதுவரை சேர்ந்த அளவுகளை எக்செல் கோப்பாக நீங்களே இறக்கிக்கொள்ள முடியுமா? பழுதானால் பாகம் சேலத்தில் கிடைக்குமா, வேறு மாநிலத்துக்கு அனுப்ப வேண்டுமா? வால்வு, சென்சார் வேறு கம்பெனியுடையது வாங்கி மாட்டினால் எடுக்குமா? நான்கில் இரண்டுக்கு இழுத்துப் பேசினால் யோசியுங்கள்.

விலை பேசும் முன் உழவன் செயலியிலும் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலும் மானியம் பாருங்கள். நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் உண்டு. அலைபேசி ஸ்டார்ட்டருக்கான மானியத் தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறும். மானியத்துக்கு விண்ணப்பித்து ஆணை கிடைத்த பிறகு வாங்க வேண்டும். முன்பே வாங்கிவிட்டால் கிடைக்காது.

பொருத்திக் காட்டும் நாளில் ஒரு சோதனை செய்யுங்கள். அவர்கள் இருக்கும்போதே இணையத்தை அணைத்துவிடுங்கள். அலைபேசி இல்லாமல், பெட்டியில் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தி மோட்டாரைப் போடவும், சிவப்பை அழுத்தி நிறுத்தவும், வால்வைக் கையால் திருகித் திறக்கவும் முடிகிறதா என்று வீட்டில் உள்ள எல்லோரும் ஒவ்வொரு முறை செய்து பாருங்கள். அது முடிந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.